வடக்கே வைத்த பெட்டி

“ஹலோ... ஹலோ... பேக்கரியோ?... இல்லை, பாண் வேண்டாம்... பணிசும் வேண்டாம். யோசெப்பினைக் கூப்பிடுங்கோ... ஓம், ஓம், முதலாளியின்ர மகள்தான்... வெள்ளவத்தையிலையிருந்து ஜெகதீஸ்வரி எண்டு சொல்லுங்கோ... ஓம், நிக்கிறன்.”

நிற்கிறேன் என்று சொன்னாளே தவிர ஜெகதீஸ்வரி நிற்கவில்லை. ரெலிபோன் வயர் விட்ட தூரத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டிருந்தாள். காலையிலிருந்தே அவளுடைய கால் நிலத்தில் பாவவில்லை. அந்த ஒழுங்கையில் ரெலிபோன் உள்ள வீடு பௌஸி நானாவின் வீடு ஒன்றுதான். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிற மனிதர், வியாபாரத்துக்காக எடுத்தது. அவர் கடைக்குப் போனதும் அது ஒழுங்கைக்காரர் எல்லாருக்கும் பொதுச்சொத்து ஆகிவிடும். அவருடைய மனைவி, ஒழுங்கைக்கெல்லாம் ராத்தாவான பலீலா, அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நாலு வீட்டுச் செய்தியும் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தால் யார்தான் முகம் சுளிப்பார்கள்?

“யோசெப்பின்?... ஓமடி, நான்தான்... இரு, இரு, மூச்சு வாங்குது... இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நல்ல செய்தி. மகாநாட்டுச் செக்ரட்டரி இப்பதான் இஞ்சை எடுத்தவர்... ஓம், மிஸ்டர் பாலசுந்தரம்தான்... என்ர கட்டுரையை முதல் நாளே வாசிக்க விடுறாங்களாம்... முதல் நாள் எண்டுறன்... ஓம், ஓம், தொடக்க விழா முடிஞ்ச கையோடை. பர்மாக்காரர் ஒருத்தர், எகிப்துக்காரர் ஒருத்தர், பேந்து நான்... பேந்து நான். கேக்குதே?... கத்தாதை, உங்கட பேக்கரியிலை மாக்குழைக்கிற ஆக்கள் பயந்துபோவினம்.”

இருவருமே பட்டதாரிகள். பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து கொப்பி திருத்துகிறவர்கள். யுத்தம் முடிந்து, குழம்பிக் கிடக்கிற உலகத்தை இனி எப்படி ஒழுங்குபடுத்துவது என்று டெல்லியில் பல நாட்டு இளம் பட்டதாரிகள் கூடிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இருவரும் ஒன்றாகவே மனுப்போட்டார்கள். இலங்கையிலிருந்து போகிறவர்களில் பெண்ணுக்கு ஒரு இடம்தான். அது ஜெகதீஸ்வரிக்குக் கிடைத்தது. அவள் எழுதியது அரிசியைப் பற்றி. பக்கத்து நாட்டு அரிசியைத் தின்று உயிர்வாழுகிற நாடு பக்கத்து நாட்டோடு எப்படி உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விஷயம். கூப்பனுக்குக் கல்லரிசி வாங்கிக் கியூவில் நின்ற கோபத்தில் எழுதிய கட்டுரை என்பதால் நன்றாகவே வந்திருந்தது.

“ஓம், ஓம், அதே பகுதிதான், கடைசியா நீ சொல்லி மாத்தினது. ‘கவர்னர் கப்பல் ஏறின பிறகு எங்கட அரிசிக்கு ஆர் கதைக்கிறது’ எண்ட இடம்... செக்ரட்டரிக்கு அந்த இடம்தான் பிடிச்சதாம். கொஞ்சம் பயமாயும் இருக்குதாம்... நான் என்னத்தைச் சொல்ல? பயப்படாதேங்கோ சேர், நான்தானே வாசிக்கப்போறன் எண்டனான்... லண்டனோ?... சீ, அதை இப்பவே நினைக்கக்கூடாது. மகாநாட்டிலை நல்லா வாசிக்கிற ரெண்டு மூண்டு பேருக்குத்தானே அந்த உதவிப்பணம்... ஒரு வருஷம்... ஓம், சர்வதேச விவகாரம் மட்டும்தான் படிக்கலாம், வேறையொண்டும் இல்லை... இல்லை, நான் ஆசைப்படேல்லை... சரி, ஆசைப்படுறன். இரவு முழுக்க ஆசைப்பட்டனான். பெரியம்மா எழும்பி வந்து, காய்ச்சலோ எண்டு நெத்தியைத் தொட்டுப் பாத்தவ.”

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, பலீலா நீட்டிய கோப்பியைக் கையால் தடுத்தாள். அடுத்த நொடி வாங்கி ஒரே மிடறில் குடித்தும்விட்டாள். பலீலா சுவரோடு சாய்ந்து நின்று, அரைப் பேச்சைக் கேட்டு முழுக் கதையையும் விளங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கலையில் அவளை வெல்ல ஒழுங்கையில் ஆளில்லை.

“சரி, விஷயத்துக்கு வாறன். இரவைக்குக் கோட்டை ஸ்டேசன். தலைமன்னார் மெயில். செக்ரட்டரி எல்லாருக்கும் ரிக்கெற்றோடை அங்கை நிப்பார். நீ என்ர பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே கோட்டைக்கு வா... ஓம், நேரே. நான் பெரியப்பாவோடை வந்து... என்ன?... என்ன சொன்னனி?... ஆரிட்டை?... எங்கை அனுப்பினனி?”

குரல் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. பலீலாவும் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

பெட்டி என்னவென்று சொல்லவேண்டும். ஜெகதீஸ்வரியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மகளை டெல்லிக்கு அனுப்பச் சம்மதித்தவர், ‘அண்ணர் பாத்துச் செய்யட்டும்’ என்று பொறுப்பை வெள்ளவத்தையில் இருக்கிற தமையன் தலையில் போட்டுவிட்டார். அந்தத் தமையன், ஜெகதீஸ்வரி தங்கியிருக்கிற வீட்டுக்காரர், பூபாலசிங்கம். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து இளைப்பாறியவர். ரயில் எல்லாம் நேர அட்டவணைப்படி ஓடுகிறது என்று ஊருக்கு எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கிய மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் பஞ்சாங்கத்தைத்தான் அட்டவணையாக வைத்திருந்தார். ஒருமுறை பதவி உயர்வோடு மாற்றம் வந்தபோது, புறப்படுகிற நேரத்தில் பூனை குறுக்கே போனதென்று இரண்டையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்.

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ரயில் புறப்படுகிற நாளில் நல்ல நேரமே இல்லை. இரண்டு நாளுக்கு முன்னர் காலையில் ஒன்று அகப்பட்டது. அதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒரு வழி இருக்கிறதே. ஆள் பிறகு போகலாம். நல்ல நேரத்தில் ஆளுடைய பெட்டி வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் இருந்தால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. டெல்லி வடக்கே. கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தைக்கு வடக்கே. யோசெப்பின் வீட்டில் பெட்டியை வைக்கலாம் என்று பூபாலசிங்கமே சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. வெளிக்கிட்ட பெட்டி திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் முறிந்தது, பிறகு தன்னிடம் வந்து ஒருவரும் கதைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

“உனக்கு நான் சொல்லேல்லையே?... சொன்னனான் யோசெப்பின். பெட்டியை உன்ர அறையிலை வைக்கேக்கை, திருப்பி அனுப்பிப்போடாதை எண்டு சொன்னனான்... ஓம்... ஓம்... ஆ, அது ரயில் நாள் வரைக்கும்தான் எண்டு நினைச்சனியோ? இண்டைக்குத்தானே ரயில், இனி பெட்டி எங்கையிருந்தா என்ன எண்டோ?... உனக்கு விளங்காது, உங்கட ஆக்களிட்டை இது இல்லை... எப்ப வெளிக்கிட்டது?... மனுவேல்தானே வான் ஓடுறது?... கொள்ளுப்பிட்டிக் கடைக்குப் பாண் இறக்கிட்டானோ?... பம்பலப்பிட்டியும் முடிஞ்சுதோ?... ஐயோ, அப்ப அவன் இஞ்சை வந்திட்டான் யோசெப்பின்.”

கொட்டாஞ்சேனைப் பேக்கரியின் பாண் வான் பின்னேரத்தில் காலி வீதியால் வெள்ளவத்தைக்கு வந்து, அங்கிருந்து தெஹிவளைக்குப் போகும். வான் அந்தப் பக்கம் போகிறதே, சிநேகிதி பஸ்ஸில் பெட்டியோடு ஏன் இடிபடவேண்டும் என்று யோசெப்பின் பாணோடு பாணாகப் பெட்டியையும் ஏற்றி அனுப்பிவிட்டாள். நல்லது செய்யப்போய் வந்த வினை.

ஜெகதீஸ்வரி ரிசீவரைக் காதோடு பிடித்தபடி, வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் ஒழுங்கையின் மறுபக்கத்தில் அவளுடைய வீடு முழுதாகத் தெரியும்.

“இரு, பாக்கிறன்... பெரியப்பா சாய்மனைக் கதிரையிலை நித்திரை. வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்... அது பிரச்சினையில்லை. பெரியம்மா விறாந்தையிலை இருக்கிறா. சுளகிலை அரிசி போட்டுக் கல்லுப் பொறுக்கிறா... ஓம், அவதான். அவதான் தொடக்கத்திலையிருந்தே வேண்டாமெண்டு நிண்டவ... அரிசியைப் பற்றிக் கதைக்க டெல்லிக்குப் போகவேணுமோ, அரிசியைப் பற்றி எனக்குத் தெரியாததோ எண்டு... ஓம், ஓம், அந்தக் கம்பஹா டாக்குத்தர் மாப்பிள்ளையும் அவ கொண்டுவந்ததுதான். பெட்டியைக் கண்டாவோ, ‘இஞ்சேருங்கோ, எழும்புங்கோ’ எண்டு ஒரு சத்தம் போதும். பெரியப்பா எழும்பி, பெட்டியைப் பாத்து, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு... முடிஞ்சுது. ஆயிரம் சொன்னாலும் ரயில் ஏற விடார்.”

பலீலா மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

“இல்லை ராத்தா, உங்கட வீட்டிலையும் வைக்கேலாது. இது தெற்குப் பக்கம்... யோசெப்பின், உனக்கில்லை, ராத்தாவுக்குச் சொல்லுறன்... நான் போய் மறிக்கலாம், ஆனா பெரியம்மாவின்ர கண்ணுக்கு முன்னாலைதானே ஓடவேணும்... யோசெப்பின்.”

அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. வரவேண்டாத நினைப்புத்தான். ஆனால் வந்துவிட்டது, வந்ததை மறைக்கத் தெரியாத பெண் அவள்.

“ஒண்டு கேக்கட்டே?... கோவிக்காதை. நான் ரயில் ஏறாட்டி, அடுத்த ஆள் நீதானே... ஓம், செக்ரட்டரி சொன்னவர். ரெண்டாவது பேர் உன்ரதானாம், கடைசி நேரத்திலை ஒண்டு நடந்தா உனக்கு அறிவிக்கிறதாம்... நீ தெரிஞ்சு அனுப்பினனியோ?”

மறுமுனையில் மாக்குழைக்கிறவர்களின் சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரிக்கு, கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்து விழுங்கிவிடலாம்போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஐந்து வருஷமாக ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்டவளிடம் இப்படிக் கேட்டுவிட்டாளே.

“யோசெப்பின்?... நிக்கிறியோ?... ம்... ம்... ஓம்... ஓம், கேக்குது... ம்.”

இந்த ‘ம்’ ஒவ்வொன்றுக்கும் அவளுடைய முகம் மாறிக்கொண்டிருந்தது.

“அப்ப ரெண்டு இரவும் நீ நித்திரை கொள்ளேல்லையோ?... அதை உன்ர கட்டில் காலடியிலையோ வைச்சிருந்தனி?... என்ர பேரும் ‘டெல்லி’ எண்டும் பெரிசா எழுதின பக்கம் உன்னைப் பாத்தபடி... ஓம். திருப்பி வைச்சிருக்கலாமே, விசரி... அதைப் பாத்துக்கொண்டு படுக்கேலாமல்தான் இண்டைக்கு வானிலை ஏத்தி விட்டனியோ?... இல்லை, பிழையில்லை... பிழையில்லை எண்டுறன். நான் உன்ர இடத்திலை இருந்தா பெட்டியைக் கடலுக்குள்ளை போட்டிருப்பன்... உண்மையாத்தான்... சிரிக்காதை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்காதை, எனக்கும் வருது.”

இருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பலீலாவுக்கு எதற்கென்று முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் அழும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையா?

அப்போதுதான் ஒழுங்கை முகப்பில் பாண் வானின் ரப்பர் ஹோர்ன் ‘பாம், பாம்’ என்றது.

“வந்திட்டான். யோசெப்பின், வந்திட்டான்... இல்லை, அந்தச் சத்தத்துக்குப் பெரியப்பா எழும்பார், நெடுக அந்தச் சத்தத்திலைதானே நித்திரை கொள்ளுறவர்... ராத்தா, ராத்தா, நீங்கள் போய் மறியுங்கோ. உங்கட கேற்றடியிலைதான் முதல் நிப்பாட்டுவான். பெட்டியை இறக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ... மெல்ல, மெல்ல. கத்தாதேங்கோ.”

பலீலா ஓடினாள். ஆனால் தெருவில் இறங்கி, வண்டிக்கார ஆம்பிளையோடு நின்று கதைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, கேற்றுக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று ஆட்டினாள். மனுவேல் அந்தக் கையைக் கண்டான். வழக்கமான கைதான், வழக்கமான நேரம்தான். ஒரு இறாத்தல் பாணை எடுத்து அந்தக் கையில் மரியாதையாக வைத்துவிட்டு, மறுபக்கத்து வீட்டை நோக்கித் திரும்பினான்.

“பாண் குடுத்திட்டுப் போறான் யோசெப்பின்... ராத்தாவுக்கு... நான் என்னத்தைச் சொல்ல, பாணோடை நிக்கிறா... சிரிக்காதை. நான் இஞ்சை செத்துக்கொண்டு நிக்கிறன்... ஓம், பெட்டியைத் தோளிலை தூக்கிட்டான்... எங்கட கேற்றைத் திறக்கிறான்... பெரியம்மா தலையை நிமித்திட்டா.”

ஜெகதீஸ்வரியின் குரல் இப்போது வெறும் காற்றாக இருந்தது.

“எழும்பிட்டா... சுளகோடை எழும்பி வாறா... கெதியா வாறா... மனுவேல் ஒரு காலைக் கேற்றுக்குள்ளை வைச்சிட்டான்... இல்லை. இல்லை, வைக்க விடேல்லை. சுளகை நீட்டி அவன்ர நெஞ்சிலை பிடிக்கிறா... ஓம், சுளகாலைதான் தள்ளுறா. அரிசி கொட்டுது... காலை எடுத்திட்டான். பெட்டியோடை தெருவிலை நிக்கிறான்... ஏனெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நல்லாச் சாட்சி வைச்சுப் பெரியப்பாவுக்குக் காட்டவோ என்னவோ... ஓம், அதுதான். வீட்டுப் பக்கம் திரும்பிட்டா... உள்ளை போறா.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டெல்லி, பர்மாக்காரர், எகிப்துக்காரர், லண்டன் எல்லாம் அந்த விறாந்தைக் கதவுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து மறைவதுபோல இருந்தது அவளுக்கு.

“முடிஞ்சுது யோசெப்பின்... இல்லை, அழேல்லை. கேள், வடிவாக் கேள். நீ வெளிக்கிடு... ஓம், நீதான். செக்ரட்டரிக்கு நான் இப்ப எடுத்துச் சொல்லுறன். கட்டுரை பெட்டிக்குள்ளை, மேலை இருக்கிற நீலச் சீலைக்குக் கீழை. மனுவேலிட்டையே திருப்பி அனுப்புறன். நீ எடுத்துக்கொண்டு போ... என்னத்துக்கு மாட்டாய்?... அந்தக் கட்டுரையிலை பாதி நீ திருத்தினதுதானே... விசர்க்கதை கதையாதை யோசெப்பின், அரிசிக்கு ஆராவது கதைக்கத்தானே வேணும். ஆர் வாசிச்சா என்ன?... இல்லை, எனக்குக் கவலைதான். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். சரியான கவலை. ஆனா வெறும் கதிரையா இருக்கிறதிலும் பாக்க நீ இருக்கிறது எனக்கு... நீ ஏன் இப்ப கத்துறாய்?... நீ போகமாட்டாய் எண்டு கத்தினாப்போலை நான் போகேலுமோ?... பொறு... பொறு.”

கதவு திறந்தது. ஜெகதீஸ்வரி எதிர்பார்த்தது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருகிற பெரியப்பாவை. வந்தது பெரியம்மா தனியே. வந்தவள் கதவைப் பூனைக்குட்டிக்கு நோகாமல் சாத்துவதுபோலச் சாத்தினாள்.

“பெரியம்மா வாறா... தனிய... கையிலை என்ர சப்பாத்து. ஓம், சப்பாத்து, வெள்ளைச் சப்பாத்து... மற்றக் கையிலை குடை. கல்யாணவீட்டுச் சீலையை உடுத்த சீலைக்கு மேலாலை சுத்திக்கொண்டு வாறா... எனக்கும் விளங்கேல்லை. பெரியப்பா இன்னும் நித்திரை, இஞ்சையிருந்து கால் தெரியுது... கேற்றைத் தாண்டிட்டா. மனுவேலிட்டை ஏதோ சொல்லுறா... அவன் தலையைச் சொறியிறான்... பெட்டியைத் திருப்பி வானிலை ஏத்துறான்... யோசெப்பின், அவ இஞ்சை வாறா. ஜன்னலடிக்கு.”

பத்மாவதி என்ற அந்தப் பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். குட்டையான மனுஷி, தலைமயிரில் இரண்டு அரிசி. ரெலிபோனில் கதைக்கிறவளைக் கதைக்கவிடாமல் தடுப்பது பண்பில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லவேண்டியதை மெல்லிய குரலில் சொன்னாள். ஜெகதீஸ்வரி கேட்கக் கேட்க, அதை அப்படியே கொட்டாஞ்சேனைக்குச் சொன்னாள்.

“சொல்லுறா... பெட்டி வீட்டுக்குள்ளை வரேல்லையாம். கேற்றுக்கு வெளியிலைதான் நிண்டதாம், தான் சாட்சியாம்... ஓம்... இனி அது தெருவிலை நிக்கக்கூடாதாம், வடக்காலை போகவேணுமாம்... மெயிலுக்கு நேரம் கிடக்குதே பெரியம்மா?... நேரம் கிடந்தா ஸ்டேசனிலை இருக்கலாமாம். இஞ்சை இருந்தா இன்னொரு பூனை வருமாம்... யோசெப்பின், நான் திரும்ப வீட்டுக்குள்ளை போகக்கூடாதாம், இப்பிடியே வரட்டாம்... ஓம், உடுத்த சீலையோடை... பெரியப்பாவோ? அவர் எழும்பினா ராத்தா சொல்லுவாவாம், நல்ல நேரத்திலைதான் வெளிக்கிட்டவை எண்டு.”

பலீலா, பாணைக் கையில் பிடித்தபடியே, தலையை ஆட்டினாள். அவளுக்குக் கிடைத்த இந்தப் பொறுப்பில் அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

“பெரியம்மா, நீங்கள்தானே வேண்டாமெண்டு நிண்டனீங்கள்?... யோசெப்பின், கேட்டுப்போட்டன்... இரு.”

இந்த முறை பெரியம்மா கொஞ்சம் அதிக நேரம் சொன்னாள். ஜெகதீஸ்வரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் யோசெப்பின் ‘என்னவாம், என்னவாம்’ என்று கேட்டிருக்கவேண்டும்.

“சொல்லுறா... வேண்டாமெண்டு நிண்டது, கடைசியிலை அவர் மறிச்சா நான் தாங்கமாட்டன் எண்டாம். முதலே ஆசைப்படாமல் இருந்தா நோகாதாம்... தான் அப்பிடித்தானாம் இருந்தவ... கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து தான் ஒரு இடமும் போகேல்லையாம் யோசெப்பின். கதிர்காமம் போக வெளிக்கிட்டு, ராமேஸ்வரம் போக வெளிக்கிட்டு, தங்கச்சியின்ர பிள்ளைப்பெறுவுக்குப் போக வெளிக்கிட்டு... போக நினைச்ச இடத்துக்கெல்லாம் முன்னாலை ஒரு பூனை வந்து நிண்டுதாம்... உனக்கும் அது நடக்க விடமாட்டன், நீ போ பிள்ளை எண்டுறா.”

ஜெகதீஸ்வரி அழுதாள். இந்த முறை மறைக்கவில்லை. இத்தனை காலமும் ஒரே குசினியில் அருகருகே நின்று சமைத்த மனுஷியை அவள் ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்ததை இருந்து யோசிக்கப் பெரியம்மா விடவில்லை. ஜன்னல் கம்பிக்குள்ளால் சப்பாத்தைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

“ஓம், ஓம், போடுறன்... ஒரு கையாலை எப்பிடியடி போடுறது?... ராத்தா, இதைப் பிடியுங்கோ... இல்லை, பாணை வைச்சிட்டுப் பிடியுங்கோ... யோசெப்பின், கேக்குதே? நீ இப்ப கோட்டைக்கு வா. வா எண்டா வா... ஏனோ? நீ வராட்டி நான் ரயில் ஏறமாட்டன், அதுதான் ஏன்... கட்டுரையை ரயில் ஏறமுன்னம் இன்னொருக்கா வாசிச்சுக் காட்டவேணும், எகிப்து வாற இடம் இன்னும் சரியில்லை... ஓம், திருத்து. ஸ்டேசனிலை வைச்சுத் திருத்து... அடுத்த வருஷமும் மகாநாடு வருமாம், செக்ரட்டரி சொன்னவர். அப்ப உன்ர பெட்டி என்ர கட்டில் காலடியிலை... ஓம், நானும் நித்திரை கொள்ளாமல்தான் பாத்துக்கொண்டு கிடப்பன்... சரி, சரி, விடு.”

வெளியே பார்த்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“யோசெப்பின்... பெரியம்மா வானுக்குள்ளை ஏறிட்டா... இல்லையடி, பெட்டியை வைக்க இல்லை. முன் சீற்றிலை, மனுவேலுக்குப் பக்கத்திலை, குடையை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறா... கோட்டைக்குத்தான், வேறை எங்கை? மெயில் எப்பிடியிருக்கும் எண்டு பாக்கவேணுமாம். ரயில்வேக்காரன்ர பெண்சாதி இன்னும் மெயில் காணேல்லையாம்... நானோ? எனக்கு இடம் பின்னாலை, பாணோடை... ஓம், உன்ர அப்பாட்டைச் சொல்லு, இண்டைக்குத் தெஹிவளைக்குப் பாண் வராது. எல்லாம் வடக்காலை போகுது... கோவிப்பாரோ?... ஓம்... ஓம்... வாறன், வாறன் பெரியம்மா, சத்தம் போடாதேங்கோ, அவர் எழும்பப்போறார்... யோசெப்பின், அந்த ஹோர்ன் கேக்குதே?... அடிக்கிறது மனுவேல் இல்லை, அவதான்... நான் வைக்கிறன். போட்டு வாறன்.”